கேமரா கெட்டுவிட்டதா?

ஊரில் தாயார் தனியாக இருக்கிறார். மகனுக்கு வேலை பட்டணத்தில். விடுமுறையில் வந்த மகன், வாசலில் மாட்ட ஒரு கம்பியில்லாக் காவல் கேமரா வாங்கி வந்தார்.

கேமராவில் விளக்கு மினுக்கியது. ஆனால், கைபேசியில் படம் வரவில்லை! அன்று இரவே அவர் ரெயில் ஏற வேண்டும். என்ன செய்வது?

கேமரா கெடவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

இரண்டு அலைகள்

வீட்டில் உள்ள 'வைபை' பெட்டிகளில் பல, இருவகை அலைகளை வீசுகின்றன. ஒன்று 5 கிகாஹெர்ட்ஸ். இது வேகமானது. ஆனால், சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். மற்றொன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். இதன் வேகம் குறைவு. ஆனால், அதிக தூரம் எட்டும்.

வீட்டுக் கேமராக்களில் பல, 2.4 அலையை மட்டுமே ஏற்கும். மகனின் கைபேசியோ 5-ல் இருந்தது!

இப்படிச் செய்யுங்கள்

கைபேசியை 2.4 அலைக்கு மாற்றுங்கள்.

கடவுச்சொல்லைச் சரிபாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு!

முதல் இணைப்பை வைபை பெட்டியின் அருகிலேயே வைத்துச் செய்யுங்கள். பிறகு வாசலில் மாட்டுங்கள். அங்கே படம் அறுந்தால், இடையில் சுவர்கள் அதிகம் என்று பொருள். பெட்டியை வாசல் பக்கமாக நகர்த்துங்கள்.

அப்படியும் இணையாவிட்டால், கேமராவின் 'ரீசெட்' பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். முதலில் இருந்து தொடங்குங்கள்.

இணைந்ததும் கேமராவுக்குப் புதிய கடவுச்சொல் வையுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற கள்ள நிரல், பழைய கடவுச்சொல்லை மாற்றாத ஏராளமான கேமராக்களுக்குள் புகுந்துவிட்டது!

மறுநாள் காலை, ரெயிலில் இருந்தபடியே மகன் கைபேசியைப் பார்த்தார். வாசலில் தாயார் கோலம் போட்டுக்கொண்டு இருந்தார்!