ஆறு ஓடாத இடத்தில் ஆற்றுத் தாய்

சேர்வராயன் மலையின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், ஒரு குகைக்கோயில் இருக்கிறது. தலை குனிந்துதான் நுழைய முடியும். உள்ளே இருட்டில் சேர்வராயனும் காவேரியம்மனும் வீற்றிருக்கிறார்கள். மலையாளிகள் எனப்படும் மலைவாழ் மக்கள் மே மாதத்தில் இங்கே கூடித் திருவிழா எடுக்கிறார்கள். சேர்வராயன் இந்த மலை. அம்மன் காவிரி ஆறு. ஆனால் காவிரி இந்த மலையில் ஓடவில்லை. தொலைவில், மேட்டூர்ப் பக்கம் போகிறது. இந்தக் குகைக்கும் தலைக்காவிரிக்கும் வழி உண்டு என்பது மக்கள் நம்பிக்கை. ஆறு எட்டாத இடத்துக்கும் ஆற்றுத் தாயைக் கொண்டுவந்துவிட மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. இதே திறம் அட்லாண்டிக் பெருங்கடலையே தாண்டியிருக்கிறது.

நைஜீரியாவின் தென்மேற்கில், யொரூபா மக்களின் நாட்டில், ஓசுன் என்றொரு ஆறு ஓடுகிறது. அந்த ஆறுதான் ஓசுன் என்னும் தெய்வம்; அன்புக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் உரிய கறுப்புத் தாய். ஓசோக்போ நகரை ஒட்டிய அவளுடைய காவுக்காட்டை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு கன்னிப்பெண் காணிக்கைகள் நிறைந்த சுரைக்குடுவையைத் தலையில் ஏந்தி ஆற்றுக்கு நடக்கிறாள். ஊரே பின்னால் போகிறது. ஏறக்குறைய அதே நாட்களில்தான் நம் பெண்கள் ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியைக் காவிரிக்குப் படைக்கிறார்கள்.

ஓசுனின் மக்களுக்கு நேர்ந்தது கொடுமை. சுமார் நான்கு நூற்றாண்டுகளில் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 18 லட்சம் பேர் கடலிலேயே மாண்டார்கள். விலங்கு பூட்டிய கைகளில் சிலை இல்லை, ஏடு இல்லை, பூசைச் சாமான் இல்லை. பிறகு எப்படி ஓசுன் இன்று பிரேசிலிலும் கியூபாவிலும் வாழ்கிறாள்?

முதல் விடை, உடல். யொரூபா தெய்வம் ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம் உண்டு, தனி ஆட்டம் உண்டு. அந்தத் தாளம் ஒலித்தால் அந்தத் தெய்வம் அடியார்மேல் இறங்கும். உடுக்கைச் சத்தத்தில் அருள் வருவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயிலை இடிக்கலாம், உடம்பில் ஏறிய தாளத்தைப் பறிக்க முடியாது. பிரேசிலின் கண்டோம்பிளே வழிபாட்டில் இந்த நினைவைக் கட்டிக்காத்தவர்களில் முதன்மையானவர்கள் பூசாரித் தாய்மார்களே.

இரண்டாவது விடை, நீர். ஓசுன் ஆறு இல்லாவிட்டால் என்ன, அருகிலுள்ள ஆற்றிலும் அருவியிலும் அவளைக் கண்டார்கள். ஓகுன் ஆற்றின் தாயான யெமோஜா பிரேசிலில் கடல் தாயாகவே மாறிவிட்டாள். சால்வடோர் நகரில் ஒவ்வொரு பிப்ரவரி 2ஆம் நாளும் பூ, வாசனைத் தைலம், கண்ணாடி எல்லாம் படகேறி அவளிடம் போகின்றன.

மூன்றாவது, மறைப்பு. சொந்தத் தெய்வத்தைக் கும்பிடத் தடை இருந்த இடத்தில் கத்தோலிக்கப் புனிதர்களின் உருவங்களுக்குப் பின்னே தம் தெய்வங்களை வைத்துக் காத்தார்கள். கியூபாவின் காவல் தாயான எல் கோப்ரே மாதாவை வணங்கும் பலர் அவளிடம் ஓசுனையும் காண்கிறார்கள்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. அடிமை முறை ஒழிந்தபின் கயானா, மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். மாரியம்மனும் மதுரைவீரனும் தப்பும் உடன் போயின. கயானாவின் காளியம்மன் கோயில்களில் இன்று ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நேர்ந்துகொண்டு வணங்குகிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் வண்ணப்படம் அச்சாயிற்று. அது மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தபோது, மக்கள் அதில் மாமி வாட்டா என்னும் தங்கள் நீர்த் தெய்வத்தைக் கண்டார்கள். 1955இல் கானா வணிகர்களுக்காக அந்தப் படத்தை 12,000 பிரதிகள் அச்சிட்டு அனுப்பியது பம்பாயின் ஸ்ரீராம் காலண்டர் நிறுவனம். தாமரைமேல் நிற்கும் நம் லட்சுமி படமும் பெனின், டோகோ நாடுகளில் மாமி வாட்டாவின் பீடம் ஏறியது.

அச்சு தெய்வத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது, நிறத்தையும் மாற்றிவிட்டது. கருங்கல்லில் வணங்கிய அம்மனைக் காலண்டர் வெளிர் மேனியாக்கியது. சேர்வராயன் மலையே கரும்பாறைதான். பூமியின் ஆழத்தில், நீர்ப்பசை அற்ற கடும் வெப்பத்தில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான சார்னோக்கைட் என்னும் பாறை அது. நம் தோலின் கருமையும் யொரூபாப் பெண்ணின் கருமையும் மெலனின் என்ற ஒரே நிறமியால் வருபவை. சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிரிலிருந்து உடலைக் காக்கும் கவசம் அது. அதைக் குறையென்று நினைக்க அறிவியலில் ஒரு காரணமும் இல்லை.

தெய்வங்களுக்கு நேர்ந்த இந்த நிற இழப்பைக் கலைஞர்கள் சரிசெய்யத் தொடங்கிவிட்டார்கள். கியூப வேர் கொண்ட அமெரிக்க ஓவியர் ஹார்மோனியா ரோசாலெஸ், மைக்கலாஞ்சலோவின் புகழ்பெற்ற படைப்புக் காட்சியை 2017இல் மீண்டும் தீட்டினார். அதில் கடவுளும் கறுப்புப் பெண், முதல் மனிதரும் கறுப்புப் பெண். அதே ஆண்டு அவர் தீட்டிய ஓசுனின் பிறப்பு ஓவியத்தில் கரிய மேனியில் பொன் திட்டுகள் மின்னுகின்றன. அதே ஆண்டின் இறுதியில் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நிலும் லட்சுமி, சரஸ்வதி, துர்க்கை, சீதை ஆகியோரைக் கரிய நிறப் பெண்களைக் கொண்டு படமெடுத்து வெளியிட்டார்கள். அந்தப் படங்களில் நம் தெருவில் வாழும் பெண்களின் முகம் இருக்கிறது.

தெய்வத்துக்கு எந்த நிறம் தருகிறோமோ, அந்த நிறத்தைத்தான் பிள்ளைகள் அழகென்று கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை உங்கள் மகள் அம்மனை வரைய உட்காரும்போது, அவளுடைய கையின் நிறத்திலேயே தீட்டச் சொல்லுங்கள்.