பழைய பிக்அப்பின் மாதக் கணக்கு

காஜாங், செமினி, பலகோங் வட்டாரத்தில் பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய பிக்அப் வண்டிகள் இன்னும் அன்றாடம் உழைக்கின்றன. புல் வெட்டும் குத்தகைக்காரர், பந்தல் போடுபவர், ஆடு மாடு வளர்ப்பவர், பழைய இரும்பு எடுப்பவர், சிறு கட்டட வேலை செய்பவர் எனப் பலருக்கும் அதுவே கடை, அதுவே கிடங்கு. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன் ஆகியவை உலு லங்காட் மாவட்டத்தின் எந்தச் சாலையிலும் கண்ணில் படும். மலேசியாவில் பிக்அப் வணிக வாகனமாகக் கருதப்பட்டுக் கலால் வரியிலிருந்து விலக்குப் பெற்றதும் அது இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம். வங்கிக் கடன் கட்டி முடிந்ததும், இனி வண்டி செலவில்லாமல் ஓடும் என்ற எண்ணம் உரிமையாளருக்கு வந்துவிடுகிறது. மாதக் கணக்கை எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பழைய வண்டியிலும் செலவு உண்டு. சின்னப் பழுதை உடனுக்குடன் பார்ப்பவருக்கு அது புதிய வண்டியைவிட மலிவு. தள்ளிப்போடுபவருக்கு அந்த மலிவு ஒரே பழுதில் கரைந்துபோகும்.

செலவில் முதலிடம் டீசலுக்கு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் எல்லோருக்குமான டீசல் மானியம் நிறுத்தப்பட்டது. லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த விலை ஒரே இரவில் 3.35 ரிங்கிட் ஆனது. அதன் பிறகு விலை உலகச் சந்தையைப் பார்த்து மாறத் தொடங்கியது. ஈடாக, தகுதி பெற்ற தனிநபர் டீசல் வாகன உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் வழங்கும் பூடி மடானி உதவி அறிவிக்கப்பட்டது. கணவன் மனைவி இருவரின் ஆண்டு வருமானமும் சேர்த்து ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று.

இந்த 200 ரிங்கிட் எதுவரை தாங்கும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடுகிறது, மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்தால் 200 லிட்டர் டீசல் தேவை. பழைய விலையில் அது 430 ரிங்கிட், 3.35 விலையில் 670. கூடுதல் செலவு 240, உதவி 200, கையிலிருந்து போவது 40. மாத ஓட்டம் ஏறத்தாழ 1,670 கிலோமீட்டருக்குள் இருந்தால் உயர்ந்த விலையை உதவித்தொகையே சரிக்கட்டிவிடும். 4,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கோ கூடுதல் சுமை 480 ரிங்கிட். அதில் பாதிக்கு மேல் அவர் தலையில்தான் விழுகிறது. உதவி எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் அதிகம் உழைக்கும் வண்டியே அதிகம் அடிபடுகிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்ற கணக்கும் நெரிசலில் நிற்காது. காலை நேர ரேக்கோ சாலையில் இன்ஜினை ஓடவிட்டு ஊர்ந்து செல்லும் வண்டி அவ்வளவு தராது. அடைத்த காற்று வடிகட்டியும் காற்றுக் குறைந்த டயரும் இருந்தால் இன்னும் குறையும். டோலில் மட்டும் ஓர் ஆறுதல்: நான்கு சக்கர பிக்அப் காரைப் போலவே முதல் வகுப்புக் கட்டணம் கட்டுகிறது.

அடுத்தது எண்ணெய் மாற்றும் சர்வீஸ். 2.5, 3.0 லிட்டர் ஹைலக்ஸ் டீசல் இன்ஜின்களுக்கு ஒரு முறைக்குச் சுமார் 7 லிட்டர் எண்ணெய் வேண்டும். சிறிய காருக்கு அதில் பாதி போதும். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால், மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆண்டில் ஏறக்குறைய 34 லிட்டர் எண்ணெய் செலவாகும். இதில் மிச்சம் பிடிப்பவர்கள் டர்போவை இழக்கிறார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெய் கெட்டியாகிக் கரி படிந்தால் முதலில் தேய்வது அந்தத் தண்டுதான்.

டைமிங் பெல்ட் இன்னும் கடுமையானது. 2005 வாக்கில் வந்த ஹைலக்ஸ் விகோவின் இன்ஜினில் அதை 1,50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நேரம் வந்ததும் முன்பலகையில் விளக்கு எரியும். பழைய வண்டி வாங்குபவர் அந்த விளக்கு எரியவில்லை என்று நிம்மதி அடையக்கூடாது. பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும். பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி இன்ஜினே போய்விடும். மாற்றிய தேதியைக் காட்டும் ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு முதல் வேலையாக அதைச் செய்துவிடுவது நல்லது.

டீசலைப் பீய்ச்சும் அமைப்பைப் பொறுத்துப் பழைய பிக்அப்புகள் இரண்டு தலைமுறையாகப் பிரிகின்றன. பழைய வகையில் பம்பு முழுக்க இயந்திர வேலை. நாசிலும் பம்பும் தேய்ந்தால் டீசல் பம்பு பட்டறையில் கழற்றிச் சரிசெய்து தருவார்கள். பின்னால் வந்த காமன் ரெயில் வகையில் அழுத்தம் 1,300 பாருக்கு மேல் போகிறது. இன்ஜெக்டர்களைத் திறந்து மூடுவது கணினி. சக்தியும் சிக்கனமும் அதிகம், ஆனால் நான்கு இன்ஜெக்டரும் ஒன்றாகப் போனால் பழைய வண்டியின் பெரிய செலவுகளில் அதுவும் ஒன்றாகிவிடும்.

இன்ஜெக்டரைக் காப்பாற்றும் பொருள் மிகவும் மலிவானது: டீசல் வடிகட்டி. மலேசியாவில் 2019 முதல் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து வரும் உயிரி டீசல் கலக்கப்படுகிறது. உயிரி டீசல் டாங்கில் பல ஆண்டாகப் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டிக்கு அனுப்பும். நீரையும் சாதாரண டீசலைவிட எளிதில் ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்கள் அதனால் மெதுவாகத் தளர்ந்து கசிவதுண்டு. வடிகட்டியின் அடியில் நீர் தேங்கும் கிண்ணம் இருக்கிறது. அதன் திருகைத் தளர்த்தி ஒரு வெள்ளைக் குப்பியில் வடித்துப் பார்த்தால், டீசலுக்கு அடியில் நீர் தனிப் படலமாக நிற்பது தெரியும். மாதம் ஒரு முறை இதைச் செய்ய ஒரு சென்கூடச் செலவில்லை.

இன்ஜின் கையைவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இருக்கும் வழி ஹாஃப்கட் கடை. வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்பட்ட வண்டிகளிலிருந்து இன்ஜின், கியர்பெட்டி, முன்பக்க உறுப்புகள் எல்லாம் அங்கே கிடைக்கும். புதிய உதிரியைவிட விலை வெகுவாகக் குறைவு என்பதால் பழைய பிக்அப்புகளுக்கு அந்தக் கடைகளே ஆயுளை நீட்டுகின்றன. ஆனால் இன்ஜின் எண் மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். வாகனச் சோதனையும் உண்டு. சுங்க ஆவணமும் ரசீதும் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

அடிப்பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங், அதன் புஷ், புரொப்பெல்லர் தண்டின் கிராஸ் ஜாயிண்ட், பின் டிரம் பிரேக் ஆகிய நான்கும் சுமையைத் தாங்கித் தேய்பவை. பிக்அப்பின் தாங்குதிறன் பொதுவாக ஒரு டன்னை ஒட்டியது. ஈர மணலை விளிம்புவரை நிரப்பினால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட நான்கு இலக்கத்தையும் பார்க்க வேண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும், வெயிலில் வெடித்த பழைய டயர் சுமையோடு நெடுஞ்சாலையில் போவதற்கு ஏற்றதல்ல.

காப்புறுதியில்தான் பழைய வண்டிக்காரர் எதிர்பாராத செலவைச் சந்திக்கிறார். விபத்துக்குப் பின் புதிய உதிரி பொருத்தினால், வண்டியின் வயதைப் பொறுத்து விலையில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காட்டில் தொடங்கும் அந்தப் பங்கு, பத்தாண்டும் அதற்கு மேலும் ஆன வண்டிக்கு 40 விழுக்காடு. முழுக் காப்புறுதி இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பவர், 5,000 ரிங்கிட் உதிரிக்குத் தன் கையிலிருந்து 2,000 ரிங்கிட் எடுத்துவைக்க வேண்டிவரும். இழப்பீடு கோராதவருக்குக் கிடைக்கும் கழிவிலும் வித்தியாசம் உண்டு: தனியார் காருக்கு 55 விழுக்காடு வரை போகும், வணிக வாகனக் காப்புறுதியில் உச்சம் 25 விழுக்காடு. புதுப்பிக்கும் முன் தம் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வணிகப் பயன்பாட்டுக்குப் பதிவான வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை. தனியார் வாகனத்துக்கு அது பெயர் மாற்றும்போது, இன்ஜின் மாற்றும்போது போன்ற சில வேளைகளில்தான். 15 ஆண்டைத் தாண்டிய வாகனங்களை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று 2009இல் தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் விரைவிலேயே அது கைவிடப்பட்டது. அதனால், தனியார் வண்டியின் பிரேக்கையும் சேஸியையும் பார்க்கும் பொறுப்பு உரிமையாளர் தலையிலேயே இருக்கிறது.

புதிய வண்டி எடுத்தால் என்ன ஆகும்? ஒரு லட்சம் ரிங்கிட் கடன், 9 ஆண்டு, 3 விழுக்காடு நிலைவட்டி என்று எடுத்துக்கொண்டால் வட்டி 27,000 ரிங்கிட். மாதத் தவணை ஏறத்தாழ 1,176. ஆண்டுக்கு 14,000 ரிங்கிட்டுக்கு மேல். பழைய வண்டியின் பழுதுச் செலவு எந்த ஆண்டிலும் இதன் பாதியைத் தொடாதவரை, அதை வைத்திருப்பதே லாபம். இப்படி மிச்சமாகும் தவணைப் பணத்தில் மாதம் 300 ரிங்கிட்டையாவது தனிக் கணக்கில் போட்டுவைத்தால் ஆண்டில் 3,600 சேரும். டர்போவோ கிளட்சோ போகும் நாளில் கடன் வாங்க ஓட வேண்டியிருக்காது.

இந்தக் கணக்கு எதுவும் செல்லாத இடம் ஒன்று உண்டு. இன்ஜினை மாற்றலாம், கியர்பெட்டியை மாற்றலாம்; துருப்பிடித்து வெடித்த சேஸியை ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. வண்டியைப் பட்டறை மேடையில் ஏற்றும்போது பட்டை ஸ்பிரிங் பொருந்தும் இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சுத்தியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு உதிர்ந்து ஓட்டை தெரிந்தால், அதற்கு மேல் அந்த வண்டிக்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவழிக்காதீர்கள்.