மண் சொல்லும் சாட்சி

பெங்களூர் விவேக் நகரில் ஒரு தெருவைத் தோண்டிக் குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடினாலும், தோண்டிய இடம் தனியாகத் தெரியும். நிறம் மாறியிருக்கும், மழை பெய்தால் அமுங்கும். ஒரு முறை கலைந்த மண் பழையபடி சேர்வதில்லை.

பழங்கால ஊர்களைத் தேடும் தொல்பொருள் நிபுணர்களுக்கு இதுதான் துப்பு. கொன்று புதைக்கப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கவும் இன்று இந்த முறை உதவுகிறது.

குழாய்ப் பள்ளத்தில் எலும்புகள்

இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில், 2023 ஜூன் மாதம் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது மனித எலும்புகள் தென்பட்டன. போரில் காணாமற்போனவர்களின் உறவினர்கள் பல ஆண்டுகளாகப் பதில் கேட்டு நிற்கும் பகுதி அது.

கோர்ட்டு மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. தொல்பொருள் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் மருத்துவ நிபுணர்களும் சேர்ந்து பணியாற்றினார்கள். 2024 ஜூலைக்குள் 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவை 1994-க்கும் 1996-க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று சோமதேவ அறிக்கை கொடுத்தார்.

காலம் தெரிவது எப்படி?

இதில் அவசரம் கூடாது. சிறு கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை மெல்ல மெல்ல விலக்குவார்கள். எலும்பை உடனே எடுக்கமாட்டார்கள். கிடந்த நிலையிலேயே படம் பிடித்து, அளந்து, வரைந்துகொள்வார்கள். பிறகு மண்ணைச் சலிப்பார்கள். பல், பொத்தான், தோட்டா எல்லாம் சல்லடையில் சிக்கும்.

உடலுக்கு அடியில் 1990-ல் அச்சான நாணயம் ஒன்று கிடந்தால், அந்த உடல் அதற்கு முன்பு புதைக்கப்பட்டிருக்க முடியாது. அதே நாணயம் இடம் மாறிவிட்டால் சாட்சியம் போயிற்று!

அவசரத்தால் வந்த நஷ்டம்

பஞ்சாப் மாநிலம் அஜ்னாலாவில் அப்படித்தான் ஆயிற்று. 1857 கிளர்ச்சியில் கொல்லப்பட்ட சிப்பாய்களைப் போட்டு மூடிய கிணற்றை, 2014-ல் நிபுணர்கள் இல்லாமல் உள்ளூர்க்காரர்களே தோண்டினார்கள். எலும்புகள் உடைந்து, ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பிறகு விஞ்ஞானிகள் பற்களைச் சோதித்து, அவர்கள் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவர்கள் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஆனால் எந்த எலும்பு எவருடையது என்று பிரிப்பது பெரும்பாடாகிவிட்டது.

அஸ்திவாரமும் பள்ளமும் தோண்டிப் பிழைக்கும் நம் தொழிலாளர்கள் நினைவில் வைக்கவேண்டியது இது. எலும்பு தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். எதையும் தொடாமல், மண்ணைக் கிளறாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்பதைச் சொல்ல அந்த மண் ஒன்றுதான் மிச்சம் இருக்கலாம்.