தண்ணீரின் உஷ்ணமும் வயல் நண்டின் வாழ்வும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் குளிர்ந்த ஓடைகள், சுருளி அருவியாய் வீழ்ந்து, 1895ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் பெரியாற்று நீரோடு கூடி, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களை நனைத்து, வைகை அணையின் வெயில் காயும் பரப்பில் வந்து தேங்குவதற்குள், கண்ணுக்குப் புலப்படாத ஒரு மாறுதலை அடைகின்றன. அதுவே உஷ்ணத்தின் ஏற்றம்.

உடலின் உஷ்ணத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நண்டு, இறால் முதலிய ஓடுடைய ஜீவன்கள், நீர் சூடேறினால் மிகுதியாக உண்டு, அடிக்கடி ஓடு கழற்றி, விரைந்து வளர்கின்றன. குளிர்ந்தால் அவ்வளர்ச்சி மந்தமடைகிறது. பண்ணைகளில் வளர்க்கப்படும் பெரிய நன்னீர் இறாலுக்கு 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் உகந்தது. வயல் நண்டின் விசேஷம் வேறு: கடல் நண்டைப்போல் நீரில் மிதந்து திரியும் இளவுயிர்களைப் பொரிக்காமல், தாய் தன் வயிற்று மடிப்பிலேயே முட்டைகளைச் சுமந்து, முழு உருவம் பெற்ற குஞ்சுகளாகவே அவற்றை வெளிவிடுகிறது, கோடையிலோ ஈரம் தேடி வளைக்குள் ஒடுங்குகிறது.

ஆயினும் உஷ்ணம் வரம்பு கடந்தால் ஆபத்தே. 20 டிகிரியில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும் ஒரு லிட்டர் நீர், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராமையே தாங்கும். ஜீவனின் தேவையோ அப்போதுதான் பெருகுகிறது. ஆகவே, ஓடைக்கரை மரங்களின் நிழலைக் காப்பது, இச்சிற்றுயிர்களையும் இவற்றை உண்டு வாழும் மீன்களையும் பறவைகளையும் காக்கும் தர்மமாகும்.