களஞ்சியத்தில் தமிழ் உரை: கிட் பொருள் சேமிப்பும் மறுபொதிவும்

சொற்பட்டியல், பாடநூல் வரைவு, எழுத்துரு நிரல் முதலானவற்றைப் பலர் கூடித் திருத்தும்போது, யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் காத்து வைக்கும் கருவியே பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். அவற்றுள் இன்று பரவலாக வழங்குவது 'கிட்'. லினக்ஸ் கருநிரலின் பணிக்காக லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதனை உருவாக்கினார். கிட் தன் களஞ்சியத்தில் உரையை எவ்வாறு அடுக்குகிறது, எப்போது பொதிந்து சுருக்குகிறது, தமிழ் உரையைக் காப்போர் அதில் எதைக் கருத வேண்டும் என்பவற்றை இவ்வுரை விளக்குகிறது.

தனிப்பொருள்

கிள்ளானில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் குழு, ஒரு மெகாபைட் அளவுள்ள கலைச்சொற்பட்டியலைத் தொகுப்பதாகக் கொள்வோம். அதில் ஒரே ஒரு சொல்லைத் திருத்திப் பதிவு செய்தாலும், கிட் அந்தத் திருத்தத்தை மட்டும் எழுதி வைப்பதில்லை. முழுக் கோப்பையும் சுருக்கிப் புதிய 'பொருள்' ஒன்றாகச் சேமிக்கிறது. பொருளின் வகை, அளவு, உள்ளடக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஷா-1 எனும் முறையால் கணக்கிட்டுப் பெறும் 40 குறிகளே அதன் பெயராகும். உள்ளடக்கம் ஒன்றானால் பெயரும் ஒன்று. ஆகவே, ஒரே உரை பத்துக் கோப்புறைகளில் இருப்பினும் களஞ்சியத்தில் ஒருமுறையே இடம்பெறும். மாறாக, ஒரு பைட் வேறுபட்டாலும் அது வேறு பொருள். நூறு திருத்தங்கள் செய்தால் நூறு முழுப் படிகள் சேரும்.

மறுபொதிவு

இந்தப் பெருக்கத்தைச் சீர்செய்வதே மறுபொதிவு. 'கிட் ஜிசி' எனும் கட்டளை, சிதறிக் கிடக்கும் தனிப்பொருள்களைத் திரட்டிப் பொதிக்கோப்பு ஒன்றில் அடைக்கிறது. தனிப்பொருள்கள் ஏறத்தாழ 6,700-ஐத் தாண்டினாலோ பொதிகள் 50-ஐ மிஞ்சினாலோ கிட் தானாகவே இப்பணியைத் தொடங்கும். பொதியும்போது ஒத்த பொருள்களை அருகருகே நிறுத்தி ஒப்பிடுகிறது. ஒன்றை முழுதாக வைத்து, மற்றவற்றை அதனின்று வேறுபடும் பகுதிகளாக மட்டும் எழுதுகிறது. பெரும்பாலும் புதிய வடிவம் முழுதாகவும், பழைய வடிவங்கள் வேறுபாடுகளாகவும் அமையும். நூறு படிகளின் இடத்தில் ஒரு படியும் சில வரிகளும் எஞ்சுவது இதனால்தான்.

இப்பயன் வெற்று உரைக்கே முழுமையாகக் கிடைக்கும். சொற்செயலிக் கோப்புகளும் படங்களும் முன்னரே சுருக்கப்பட்டவை. அவற்றில் ஒரு சொல்லோ ஒரு நிறமோ மாறினும் பைட்டுகள் பெரிதும் மாறிவிடுவதால், ஒப்புமை காண்பது அரிது.

தமிழ் எழுத்தும் பைட்டும்

கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டையே பார்க்கிறது. தமிழுக்கு இது தனிச் சிக்கல். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'கொ' என்பதைக் ககரமும் ஒற்றை ஒகரக் குறியும் சேர்த்து எழுதினால் 6 பைட். ககரம், கொம்பு, கால் என மூன்றாகப் பிரித்து எழுதினால் 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கிட்டுக்கு இரண்டும் வேறு. ஒருவரின் கருவி ஒரு முறையிலும் மற்றவரின் கருவி மற்றொரு முறையிலும் சேமித்தால், எந்தச் சொல்லும் மாறாத போதே பற்பல வரிகள் மாறியதாகப் பதிவாகும். உண்மையான திருத்தம் அந்தக் கூட்டத்தில் மறையும்.

குறிமுறை முழுதாக மாறும்போது விளைவு இன்னும் பெரிது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறிமுறைகள் வழங்கின. அக்காலக் கோப்பை அப்படியே பதிந்து, பின்னர் யூனிகோடுக்கு மாற்றிப் பதிந்தால், இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான தமிழ்ப் பகுதி கிட்டின் கணக்கில் அநேகமாக இராது. எனவே, மாற்றத்தைத் தனிப் பதிவாகச் செய்து, அதன் குறிப்பில் காரணத்தை எழுதிவிட்டு, அதன் பின்னரே சொற்களைத் திருத்துதல் வேண்டும்.

சுருக்கத்தின் விலை

மறுபொதிவு தூய்மைப் பணியும் ஆகும். எந்தக் கிளையும் சுட்டாத பொருள்களை அது காலப்போக்கில் நீக்கும். கிளை ஒன்றை அழித்துவிட்டால், அதன் பதிவுகள் உள்ளூர் நகர்வுக் குறிப்பில் இயல்பாக 30 நாள் தங்கும். குறிப்பும் காலாவதியானபின் இரு வாரத்திற்கு மேல் பழைய பொருள்கள் நீக்கத்திற்கு உரியனவாகும். அந்தக் குறிப்பு அந்தக் கணினிக்கு மட்டும் உரியது; பிறர் எடுக்கும் படியில் வாராது. கைவிடத் தோன்றும் வரைவுக்கும் ஒரு கிளைப்பெயரோ குறிச்சொல்லோ இட்டு வைத்தல் நன்று.

மற்றொன்றும் உண்டு. வேறுபாடாகச் சேமித்த பொருள், தன் அடிப்படைப் பொருளையே சார்ந்து நிற்கும். அடிப்படை சிதைந்தால் அதனைச் சார்ந்த யாவும் வாசிக்க இயலாதனவாகும். இடம் சுருங்கும் அளவிற்குச் சார்பு பெருகுகிறது. ஆதலின், பொதியும் முன் 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையால் களஞ்சியத்தைச் சோதித்து, வேறோர் இடத்தில் முழுப் படி ஒன்றை வைத்தல் இன்றியமையாதது. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்ததை நாம் அறிவோம். கிள்ளானில் ஒரு படி இருந்தால், பிரிக்பீல்ட்ஸில் மற்றொன்று இருக்கட்டும்.

உரையை யூனிகோட்டில் வெற்றுக் கோப்பாக வைத்தல், குழுவினர் அனைவரும் ஒரே எழுத்து வடிவைக் கைக்கொள்ளல், காக்க வேண்டியவற்றுக்குப் பெயரிடல், படியெடுத்த பின்னரே பொதிதல் ஆகிய நான்கையும் மாணவர் முதல் பதிவிலேயே பழகத்தக்கன.