மூன்றாவது வரிசையில் ஏறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

விளம்பரத்தில் ‘ஏழு இருக்கை’ என்று போட்டிருந்தால் ஏழு பெரியவர்கள் தாராளமாக இருந்து போகலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெரும்பாலான வாகனங்களில் ஐந்து பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் போகலாம் என்பதே சரி. அந்த ஏழு பேரும் ஏறிவிட்டால் பெட்டி வைக்க இடமிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் லண்டன் வெம்பிளிப் பக்கம் ஒரு கராஜில் வேலை செய்கிறேன். எம்ஓடி என்னும் ஆண்டுப் பரிசோதனையும் செய்கிறேன். வாகனம் வாங்கப் போகும் நம்மவர்கள் பலர் போகிற வழியில் என்னிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். “அண்ணை, குடும்பத்துக்கு ஒரு பெரிய ஜீப் எடுக்கப் போறன், எதை எடுக்கலாம்?” என்பார்கள். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வயது, இரவில் எங்கே நிறுத்துவீர்கள், கிழமை நாட்களில் எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நான் எந்தப் பெயரையும் சொல்வதில்லை.

லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய வாகனம் தேவைப்படுவதற்கு நியாயமான காரணம் உண்டு. அப்பம்மாவோ அம்மம்மாவோ கூடவே இருப்பார். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் நடன வகுப்பு, வெள்ளியென்றால் ஹைகேற் முருகன் கோயில், ஆவணிப் பக்கம் ஈலிங் அம்மன் தேர், வருடத்தில் ஒருமுறை வேல்ஸில் உள்ள ஸ்கந்தவேல் வரை ஒரு பயணம். முன்பு இதற்கெல்லாம் போர்ட் கலக்ஸி, ஃபோக்ஸ்வாகன் ஷரன், சியட் அல்ஹம்ப்ரா என்று மூன்று வண்டிகள் இருந்தன. 1990களில் இந்த மூன்றுமே போர்த்துக்கலில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை. அவற்றில் மூன்றாவது வரிசையிலும் பெரியவர்கள் காலை நீட்டி இருக்கலாம். பிறகு வந்த ஷரனிலும் அல்ஹம்ப்ராவிலும் கதவு பக்கவாட்டில் வழுக்கித் திறக்கும். அல்ஹம்ப்ரா 2020இல் நின்றது, அதன்பின் ஷரனும் போனது, 2023இல் கலக்ஸியும் நின்றது. பெரும்பாலான நிறுவனங்கள் எஸ்யுவி பக்கம் திரும்பிவிட்டன. ஆகவே ஏழு பேர் உள்ள குடும்பம் எஸ்யுவிக்கு வருவதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். விற்பனையில் அதிகம் இருப்பது அதுதான்.

முதலில் பார்க்க வேண்டியது மூன்றாவது வரிசைக்கு ஏறும் வழி. இதைக் காட்சியறையில் யாரும் செய்து காட்டுவதில்லை. ஹரோவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக அவர்களோடு வாகனம் பார்க்கப் போயிருந்தேன். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு இரண்டு வயது. அப்பம்மாவும் வந்திருந்தார். விற்பனையாளர் ஒரு பிடியை இழுத்தார். நடு வரிசை இருக்கை முன்னே மடிந்து சரிந்தது. “ஈஸியாய் ஏறலாம்” என்றார். நான் அவர்களுடைய பிள்ளை இருக்கையைக் கொண்டுவரச் சொல்லி, அதை ஐசோஃபிக்ஸ் கொக்கியில் பூட்டி, மேல்வாரையும் பின்னால் இழுத்துக் கட்டினேன். இப்போது அந்த இருக்கை மடியவில்லை. மறுபக்கமும் இரண்டாவது பிள்ளையின் இருக்கை வந்துவிட்டது. அப்பம்மா சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கதவுத் தூணைப் பற்றி, ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் காலை இறக்கிவிட்டு, “தம்பி, இதுக்குள்ளை நான் எந்தப் பக்கத்தாலை போறது?” என்று கேட்டார். அவருக்கு மிச்சமிருந்த வழி டிக்கி மட்டும்தான்.

பிள்ளை இருக்கையைக் கழற்றாமல் பின்னால் போக வழி வேண்டுமென்றால் நடு வரிசையில் இரண்டு தனி இருக்கைகளும் நடுவே நடைபாதையும் உள்ள ஆறு இருக்கை வடிவத்தைப் பாருங்கள். புதிய ஹூண்டாய் சண்டா ஃபேயிலும் கியா ஈவி9இலும் அது உண்டு. ஓர் இருக்கை குறையும். ஆனால் மிச்சம் ஆறும் உண்மையாகப் பயன்படும். ஹரோக் குடும்பத்துக்கு ஆறே போதுமானதாக இருந்தது.

இந்த நாட்டுச் சட்டப்படி பிள்ளைக்கு 12 வயது நிறையும்வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, எது முந்துகிறதோ அதுவரை பிள்ளை இருக்கை கட்டாயம். அதாவது நீங்கள் வாங்கும் வாகனத்தில் இந்த இருக்கைகள் வருடக்கணக்காக இருக்கப் போகின்றன. ஐசோஃபிக்ஸ் கொக்கி எத்தனை இடத்தில் உண்டு என்று எண்ணிப் பாருங்கள். அநேகமானவற்றில் நடு வரிசையின் இரண்டு ஓரங்களில் மட்டும்தான் இருக்கும். முந்தைய தலைமுறைப் பேஜோ 5008, அவுடி கியூ7 இரண்டிலும் நடு வரிசையின் மூன்று இடத்திலும் உண்டு. மூன்று பிள்ளைகளையும் ஒரே வரிசையில் இருத்தலாம். லாண்ட்ரோவர் டிஸ்கவரியில் மூன்றாவது வரிசையிலும் உண்டு. வோல்வோ எக்ஸ்சி90இல் நடு வரிசையின் நடு இருக்கைக்குள்ளேயே பிள்ளையை உயர்த்தி இருத்தும் மெத்தை ஒன்றைப் பொருத்தி வாங்கலாம். அதன் மூன்றாவது வரிசை 170 சென்டிமீட்டர் வரை உயரமுள்ளவர்களுக்கு ஏற்றது என்று வோல்வோவே சொல்கிறது. நம் பதின்ம வயதுப் பையன்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். தலை கூரையில் முட்டுகிறதா, முழங்கால் நாடிக்கு வருகிறதா என்று அவர்களை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். பக்கத் திரை ஏர்பேக் கடைசி வரிசைவரை வருகிறதா என்பதையும் கேளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவர்களின் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே அதிக இடைவெளி இல்லை.

முதியவர்களுக்கு உயரமான வாகனம் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இருக்கை அவர்களின் இடுப்பு மட்டத்தில் இருக்க வேண்டும்; பக்கவாட்டில் இருந்துகொண்டு இரண்டு காலையும் உள்ளே திருப்ப முடிய வேண்டும். அதைவிட உயர்ந்தால் முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு ஏற்றமும் சோதனை. காற்று சஸ்பென்ஷன் உள்ள டிஸ்கவரி போன்றவை ஏறும்போது கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கும். ஆனால் பழைய வாகனத்தில் அந்தக் காற்றுப் பை பழுதானால் செலவு பெரிது.

பிறகு டிக்கி. ஏழு இருக்கையும் நிமிர்ந்திருக்கும்போது திறந்து காட்டச் சொல்லுங்கள். கியா சொரெண்டோவில் அப்போது மிஞ்சுவது சுமார் 180 லிட்டர். கடைச் சாமான் பைகள் சில வைக்கலாம். 5 மீட்டர் நீளமான ஈவி9இல் 333 லிட்டர். ஹீத்ரோவில் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரரை ஏற்றப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியோடு வந்தால் எந்த எஸ்யுவியிலும் ஏழு பேர் போக முடியாது. கூரைப் பெட்டி பூட்டலாம் என்பீர்கள். லாண்ட்ரோவர் டிபெண்டரின் உயரமே ஏறக்குறைய 1.97 மீட்டர். அதன்மேல் பெட்டியும் வந்தால் 2 மீட்டர் உயரத் தடை உள்ள அடுக்குமாடித் தரிப்பிடங்களுக்குள் போக முடியாது.

லண்டனில் நீளத்தைவிட அகலம்தான் அதிகம் வதைக்கிறது. இங்கே தரிப்பிடக் கட்டத்தின் வழமையான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். டிஸ்கவரி பக்கக் கண்ணாடிகளை விரித்தால் 2.22 மீட்டர். இரண்டு பக்கமும் வாகனம் நின்றால் பிள்ளையை இருக்கையில் வைத்துப் பூட்டக் கதவைத் திறக்க முடியாது. வீட்டுப் பக்கத் தெருக்கள் பலவற்றில் லொறி நுழையாமல் இருக்க 6 அடி 6 அங்குல இடைவெளியில் இரும்புத் தூண் நட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1.98 மீட்டர். டிஸ்கவரியின் உடம்பே 2 மீட்டர். சக்கரமும் கதவும் உரசிக் கிழிந்து எங்கள் கராஜுக்கு வரும் வாகனங்களைப் பார்த்தால் அந்தத் தூண்களின் வேலை தெரியும். ஹரோ, வெம்பிளிப் பக்கத்து 1930களின் வீட்டுக் கராஜ்களோ அந்தக் காலத்துச் சின்னக் கார்களுக்காகக் கட்டியவை. ஐரோப்பாவில் விற்பனையாகும் புதிய கார்களின் சராசரி அகலம் 2018இல் 177.8 சென்டிமீட்டராக இருந்து 2023இன் முதல் பாதியில் 180.3 ஆகியிருக்கிறது. தெருக்கள் அப்படியேதான் இருக்கின்றன. வாங்குமுன் அந்த வாகனத்தைக் கேட்டெடுத்து உங்கள் தெருவில் ஓட்டி, உங்கள் வாசலில் நிறுத்திப் பாருங்கள்.

எஞ்சின் விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிறவர்கள் டீசல் எடுக்கவே வேண்டாம். டீசல் வாகனத்தின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் ஒரு பில்டர் இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது ஏறக்குறைய 600 பாகை வெப்பத்தில் தானே எரித்துவிட வேண்டும். அதற்கு மோட்டர்வேயில் நிறுத்தாமல் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும். ஒரு மைல் பள்ளி, ஒரு மைல் திரும்பி வீடு என்று ஓடினால் எஞ்சின் சூடேறுமுன் நிறுத்திவிடுகிறீர்கள். கரி அடைத்து, மஞ்சள் விளக்கு எரிந்து, கடைசியில் வாகனம் இழுக்காமல் வந்து நிற்கும். சிலர் பில்டரை வெட்டி எடுத்துவிடச் சொல்கிறார்கள். 2014 பெப்ரவரியிலிருந்து எம்ஓடியில் அந்த பில்டர் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம், இல்லையென்றால் தோல்விதான். அந்தக் கரி பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகக்கூடாது என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

யூலெஸ் என்னும் மாசுக் கட்டண வலயம் 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. தகுதியில்லாத வாகனத்துக்கு ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். டீசல் என்றால் யூரோ 6 தரம் வேண்டும். அது பொதுவாக 2015 செப்டம்பருக்குப் பின் பதிவானவை. பெட்ரோலுக்கு யூரோ 4 போதும். லண்டனுக்கு வெளியே மலிவாக விற்கும் 2013, 2014 டீசல் எஸ்யுவிகளின் மலிவுக்கு இதுவும் ஒரு காரணம். பழையதைக் கொடுத்து 2,000 பவுண் வாங்கும் திட்டமும் 2024 செப்டம்பரில் மூடியாயிற்று. வீட்டு வாசலில் சார்ஜ் பண்ண வசதி உள்ளவர்களுக்கு மின் வாகனம் நல்லது. வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவீதம், வெளியே சார்ஜருக்கு 20. வாசல் இல்லாதவர்களுக்குப் பெட்ரோல் ஹைபிரிட்.

விலைக்கு அப்பால் உள்ள செலவுகளில் பலர் கவனியாதது ஒன்று. புதிதாக இருந்தபோது 40,000 பவுணுக்கு மேல் பட்டியல் விலை போட்ட பெட்ரோல், டீசல், ஹைபிரிட் வாகனத்துக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் கூடுதல் சாலை வரி உண்டு; 2025 ஏப்ரல் கணக்கில் அது ஆண்டுக்கு 425 பவுண். மூன்று வருடம் ஓடியதை நீங்கள் பாதி விலைக்கு வாங்கினாலும் மிச்ச ஆண்டுகளுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். இன்சூரன்ஸ் விலையை முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள். லண்டனில் ரேஞ்ச் ரோவர் திருட்டு மிகுந்து இன்சூரன்ஸ் கிடைப்பதே கஷ்டமாகி, 2023இல் அதைச் செய்யும் நிறுவனமே சொந்த இன்சூரன்ஸ் கொண்டுவர வேண்டி வந்தது. டயரும் அப்படித்தான். 21 அங்குலச் சக்கரம் அழகுதான். ஆனால் நம் தெருக்களின் வேகத்தடைத் திட்டுகளை இரண்டு சக்கரத்துக்கு நடுவே விட்டு ஓட்டி ஓட்டி டயரின் உள் விளிம்பு தேய்ந்துபோகிறது. வெளியே பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். தூக்கிப் பார்த்தால் உள்ளே கம்பி தெரியும். 19 அங்குலம் கிடைக்குமானால் அதையே எடுங்கள்.

வெளியே நடக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டன் ஹைஜீன் அண்ட் ட்ரொபிக்கல் மெடிசின் கல்லூரியும் இம்பீரியல் கல்லூரியும் 2025இல் பல ஆய்வுகளைத் திரட்டி ஒரு முடிவு வெளியிட்டன. சாதாரணக் காருக்குப் பதிலாக எஸ்யுவி போன்ற உயர்ந்த வாகனம் மோதினால், நடந்து போகிறவரோ சைக்கிளில் போகிறவரோ இறக்கும் வாய்ப்பு 44 சதவீதம் கூடுகிறது; பிள்ளைகளுக்கு 82 சதவீதம். பொனட் உயரம்தான் முக்கிய காரணம். காலில் படவேண்டிய அடி நெஞ்சிலும் தலையிலும் படுகிறது. பாரிஸ் 2024 பெப்ரவரியில் மக்களிடம் வாக்கெடுத்து, அந்த ஒக்டோபரிலிருந்து வெளியூர் ஓட்டுநரின் பாரமான கார்களுக்குத் தரிப்புக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. தேவைக்கு மேல் உயரமான பொனட் உள்ள வாகனத்தை எடுக்காதீர்கள். எடுத்தவர்கள் பள்ளி வாசலில் முன் கமராவைப் பார்த்துத்தான் நகர வேண்டும்.

ஆக, கிழமைதோறும் ஆறேழு பேர் ஏறுகிற குடும்பத்துக்கு ஹைபிரிட் சண்டா ஃபே, அல்லது வாசல் இருந்தால் ஈவி9. பாவித்த வாகனம் என்றால் பெட்ரோல் எக்ஸ்சி90. வருடத்தில் சில நாள் மட்டுமே ஏழு பேர் என்றால் பேஜோ 5008, ஸ்கோடா கொடியாக் அளவே தாராளம். அதைவிடப் பெரியது வேண்டாம். எதைப் பார்த்தாலும் அதன் பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டு எம்ஓடி வரலாற்றைப் பாருங்கள். ஓடிய மைல், தோற்ற காரணம், பரிசோதகர் எழுதிய எச்சரிக்கை எல்லாம் ஆண்டுவாரியாக வரும். அதற்குக் காசில்லை.