பிள்ளை பிறந்த முதல் நாட்களில் தாய்ப்பால்

"அலைச்சலில் பால் வற்றிவிட்டது" என்ற பயம் மீளத் திரும்பிய தாய்மாருக்கு வருவதுண்டு. களைப்பும் கவலையும் பால் இறங்குவதைச் சற்றுத் தாமதிக்கலாம், சுரப்பை நிறுத்திவிடா.

பிறந்து 1 மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போடுங்கள். முதலில் வருவது மஞ்சள் நிறக் கடும்புப்பால். சில தேக்கரண்டிதான், பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். அதைப் பீய்ச்சி ஊற்ற வேண்டாம். 2 முதல் 4 நாட்களில் பால் கூடும். இரவிலும் பகலிலுமாக நாளுக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும்.

அம்மம்மா அன்போடு சீனித்தண்ணீர் கொண்டுவந்தாலும் கொடுக்க வேண்டாம். பால்மா குடித்த பிள்ளை மார்பில் குறைவாகவே உறிஞ்சும், பாலும் குறையும். இறைத்துத் துப்புரவாக்காத கிணற்று நீரில் கரைத்தால் வயிற்றோட்டமும் வரலாம்.

5ஆம் நாளுக்குப் பின் நாளுக்கு 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ அன்றே குடும்பநல உத்தியோகத்தரிடம் அல்லது வைத்தியசாலையில் காட்டுங்கள்.